வயிறு இருக்குற வரைக்கும்

பட்டாசு ஆலையில வேலை பார்த்த எங்கண்ணன் ஊர்க்காவலன் வயித்துப் புத்துல செத்தப்ப, எங்க ஊரு ஏழாயிரம்பண்ணையே 'பட்டாசு மருந்துதான் தின்னுருச்சு'ன்னு சொல்லுச்சு. நானும் நம்பினேன். நான் அந்த மருந்து வேலையிலயே கெடந்தாலும் எம்மக சினேகாவ அந்தப் பக்கமே விடல. திருத்தங்கல்ல அச்சாபீஸ் வேலைக்கு அனுப்பினேன். பிள்ளை தப்பிச்சிருச்சுன்னு நிமிந்து நடந்தேன், கூறுகெட்டவ.

அண்ணன் சாகுறதுக்கு முன்ன எடுத்த ரத்தத்துல மரபணுவ வாசிச்சுப் பார்த்த மதுரை டாக்டரம்மா எங்க எல்லாரையும் வரச் சொன்னாக. "பட்டாசு மருந்து காரணம் இல்லம்மா. உங்க குடும்பத்துல ஒரு மரபணு பழுதா இருக்கு. அது பிறப்புலயே வர்றது." எங்க ரத்தத்தையும் சோதிச்சாக. அண்ணன் மகன் பாலகுருவுக்கு இல்ல. எனக்கு இருக்கு. என்கிட்ட இருந்து சினேகாவுக்கும் போயிருக்கு.

"புத்து வர்றதுக்கு முன்னயே ரெண்டு பேரும் இரைப்பைய எடுத்துருங்க."

"என்னைய விடுங்க. பிள்ளை எப்படித் திங்கும்?"

"கொஞ்சங்கொஞ்சமா சாப்பிடலாம். வயிறு முட்டச் சாப்பிட முடியாது, அவ்வளவுதான்."

அம்புட்டுத்தானாம்! நல்லா இருக்குற வயித்த அறுக்கச் சொல்லிட்டு, அம்புட்டுத்தானாம்!

பாலகுருவுக்கும் சினேகாவுக்கும் ஆவணியில கல்யாணம், பரிசம் போட்டாச்சு. அண்ணன் சம்சாரம் கற்பகம் மதினி வீட்டுக்கு வந்தாக. தண்ணி கூடக் குடிக்கல.

"கல்யாணம் வேணாம் வேலுத்தாயி."

எனக்கு உச்சிக்கு ஏறிருச்சு. "உங்க புருஷன் ரத்தந்தான மதினி எங்களுக்கும் ஓடுது? இப்பக் கசக்குதாக்கும்?"

மதினி கோவப்படல. "ஒங்கண்ணன் வாந்தி எடுத்த சட்டியக் கழுவுனவ நான். எம்மகன் கழுவ வேணாம்."

நியாயமாத்தான் பட்டுச்சு. அதனாலயே வயிறு இன்னும் எரிஞ்சுச்சு.

உள்ள இருந்து கேட்டுக்கிட்டிருந்த சினேகா அழல. "ஆபரேஷனுக்கு நாள் கேளும்மா. எனக்குச் சாக இஷ்டம் இல்ல."

மதுரைக்குக் கிளம்புறதுக்கு மொத நாள் மத்தியானம் கருவாட்டுக் குழம்பு கேட்டா. எங்க வீட்டுல மறுசோறு வாங்காம யாரையும் எந்திரிக்க விடமாட்டோம். அதுக்கே தட்டுக்கு மேல கைய வச்சு மறிக்கிறவ அவ. அன்னைக்கு மறிக்கல. திரும்பத் திரும்பத் தட்ட நீட்டினா. மூச்சு வாங்குச்சு.

"போதும் தாயி, வயிறு வலிக்கும்."

"வலிக்கட்டும்மா. இருக்குற வரைக்கும் போடு."

எனக்குன்னு வச்சிருந்த சோத்தையும் எடுத்துப் போட்டேன்.