பதினொரு பேரான ஒருவர்

பதினோராவது முறையும் திரை முதல் பக்கத்துக்கே திரும்பிவிட்டது. சூசைநாதன் நீட்டிய விரலை மடக்காமல் நின்றார். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் முப்பத்தோராண்டு மூட்டை தூக்கிக் காய்த்த விரல் அது. இன்று விசைப்பலகையின் ஒரு சின்னஞ்சிறு பொத்தானின் முன்னால் குற்றவாளியைப் போல நின்றது. கருந்திரையில் பச்சை எழுத்துகள் எறும்புகளாய் ஊர்ந்தன. கண்ணில் புரை விழுந்த மனிதர் கண் மருத்துவரைப் பார்க்க வரிசை எண் வேண்டுமென்றால், முதலில் அந்த எறும்புகளைப் படித்தாக வேண்டும்!

"தங்கச்சி, இதுல ஏ பக்கத்துல பி இல்லியே. யாரு இப்படிக் கலைச்சுப் போட்டது?"

பரீதா மூன்றடி தள்ளி நின்றாள். வாய் திறக்கக் கூடாது என்பது உத்தரவு.

பதின்மூன்று ஆண்டுகள் அந்த மருத்துவக் கட்டடத்தின் வாயில் மேசையில் அமர்ந்திருந்தவள் அவள். வந்தவர் பேச்சை முடிக்குமுன் எந்த மாடி என்று சொல்வாள். ஆறாம் மாடிக்கு ஒரு போன் போட்டு எண்ணும் வாங்கித் தருவாள். எண்பத்தெட்டாம் ஆண்டு பிறந்ததும் மேசையை அகற்றினார்கள், போனை அகற்றினார்கள், அதே இடத்தில் இந்தக் கணினியை நட்டார்கள். "நீங்க ஹெல்ப் பண்ணா யாரும் கத்துக்க மாட்டாங்க பரீதா. சும்மா நில்லுங்க, போதும்" என்றார் மேலாளர் பாலகிருஷ்ணன்.

இரண்டு வாரமாக அவள் சும்மா நின்று பார்த்தாள். கண் மருத்துவம் ஐந்தாம் பக்கத்தில், 'இதர சேவைகள்' என்ற தலைப்புக்குள் ஒளிந்துகிடந்தது. எட்டிப் பிடித்தவரிடம் அடையாள அட்டை எண்ணைக் கேட்டது எந்திரம். எண்ணின் கடைசியில் வரும் எழுத்தைப் பெரிய எழுத்தாக அடிக்க வேண்டும். அதை எங்கும் சொல்லி வைக்கவில்லை. சிறிய எழுத்தாக அடித்தால், அதுவரை அடித்த அத்தனையும் அழிந்தது. நாற்பது நொடி யோசித்தாலும் அழிந்தது. எது பிழை என்று அது சொல்லவில்லை. பிழை என்று மட்டும் சொன்னது.

அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாதது வேறு. தோற்றுத் திரும்பிய ஒவ்வொருவரும் அவளிடம் வந்து மன்னிப்புக் கேட்டார்கள். கப்பல் எந்திரங்களைப் பிரித்துப் பூட்டியவர், "நமக்குப் படிப்பு பத்தாதும்மா" என்றார். இருபது ஆண்டு கணக்குப் பாடம் நடத்திய ஆசிரியை, "என் மூளை மழுங்கிப்போச்சு லா" என்று சிரித்தார். கதவில்லாமல் வீடு கட்டியவன் மாடியில் நிமிர்ந்து நிற்கிறான். உள்ளே நுழைய முடியாதவன் தெருவில் தலைகுனிந்து நிற்கிறான். இது என்ன நியாயம்? யார் பிழைக்கு யார் தலைகுனிவது?

மின்தூக்கி திறந்தது. பாலகிருஷ்ணன் கையில் ஒரு தாளுடன் விரைந்து வந்தார்.

"பரீதா, ஒரு சைன். ரெண்டு வாரத்துல ஆயிரத்துத் தொள்ளாயிரம் யூசர்ஸ்! டைரக்டர்ஸ் ரொம்ப ஹேப்பி. இன்னும் ஆறு பில்டிங்ல வைக்கப் போறாங்க. மிஷின் நல்லா வேலை செய்யுதுன்னு, பக்கத்துல இருந்து பார்த்த ஸ்டாஃபா நீங்க இந்த ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டா அடுத்த மாசம் மேல ஆபீஸ்ல உங்களுக்கு சீட்டு."

"போடலன்னா சார்?"

அவர் சிரிப்பு சற்றே சுருங்கியது. "கீழே மேசையே இல்லியே பரீதா. எங்க உக்கார வைப்பேன், சொல்லுங்க?"

ஃபேரர் பார்க் வீட்டில் மூன்று வயிறுகள் இந்தச் சம்பளத்தை நம்பியிருந்தன. பரீதா தாளை வாங்கினாள். எழுத்துகள் பெரிதாக, தெளிவாக, அழகாக இருந்தன. இயக்குநர்கள் படிப்பதற்கு மட்டும் எழுத்து பெரிதாகிவிடுகிறது!

"சார், முதல் பக்கத்த யாராவது தட்டினா மிஷின் ஓர் ஆள்னு எண்ணிக்குது. இந்த அண்ணன் காலையிலிருந்து பதினொரு தடவ தட்டியிருக்காரு. உங்க கணக்குல பதினொரு பேரு. நம்பர் கிடைச்சவங்கள நான் எண்ணி வச்சிருக்கேன். எண்பத்தாறு."

"நானா பதினொரு பேரு?" சூசைநாதன் வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப பதினொரு டீ சொல்லுங்க லா!"

காத்திருந்தவர்களிடையே சிரிப்பு பரவியது. பாலகிருஷ்ணனின் காது சிவந்தது.

"இது உங்க வேலை இல்ல பரீதா. சைன் பண்றீங்களா, இல்லியா?"

பரீதா தாளைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். 

"பண்றேன் சார். பதினோரு மணிக்குக் கண் டாக்டர் நம்பர முடிச்சிடுவாங்க. இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்கு. இந்த மிஷின்ல, யாரையும் கேக்காம, இவருக்கு நீங்களே ஒரு நம்பர் எடுத்துக் குடுங்க. கிடைச்ச உடனே கையெழுத்துப் போடறேன். கிடைக்கலன்னா, இவங்க யாரும் முட்டாள் இல்லன்னு இதே தாள்ல எழுதுவேன்."

"இதென்ன பெரிய விஷயம்" என்றார் பாலகிருஷ்ணன். சூசைநாதனின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு எந்திரத்தின் முன் நின்றார்.

முதல் பக்கத்தில் கண்ணைத் தேடினார். இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கம். மறுபடி முதல் பக்கம். பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஐந்தாம் பக்கத்தைக் கண்டுபிடித்தபோது கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். எண்களை ஒவ்வொன்றாக, அட்டையைப் பார்த்துப் பார்த்து அடித்தார். கடைசி எழுத்தையும் அடித்தார். திரை ஒரு முறை இமைத்தது. எல்லாம் அழிந்தது.

அவர் பரீதாவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை இரண்டு வாரமாக அவள் நூற்றுக்கணக்கான முகங்களில் பார்த்திருக்கிறாள். உதடு வரை வந்த விடையை அவள் விழுங்கிக்கொண்டாள்.

இரண்டாம் முறை. அழிந்தது. மூன்றாம் முறைக்கு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வரிசை கண்ணாடிக் கதவைத் தாண்டி வெயிலுக்குள் நீண்டிருந்தது. ஒருவரும் நகரவில்லை, ஒருவரும் இப்போது சிரிக்கவுமில்லை.

சூசைநாதன் சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தரையில் கரகரவென்று இழுத்துவந்து மேலாளருக்குப் பின்னால் போட்டார்.

"உக்காந்து அடிங்க தம்பி. ஆரம்பத்துல எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

பாலகிருஷ்ணன் உட்காரவில்லை. பச்சை ஒளி நெற்றி வியர்வையில் மினுங்க, ஒற்றை விரலை உயர்த்திப் பிடித்தபடி, நாற்காலிக்கும் திரைக்கும் நடுவே நின்றார்.