முதலாளிக்குக் கிடைத்த விடுதலை

எங்கள் வீட்டில் முதலாளி என்று ஒருவர் இருந்தார். மனிதர் இல்லை, கொண்டைக்குருவி. என் புருஷன் விநிட் வைத்த பெயர் அது. பெயருக்கேற்ற உபசாரமும் உண்டு. விடிந்ததும் குளியல், பிறகு கனிந்த வாழைப்பழம், அதன்மேல் வெட்டுக்கிளி. எல்லாம் முடிந்த பிறகுதான் "நீ சாப்பிட்டியா?" என்று என்னிடம் ஒரு கேள்வி வரும். ஞாயிற்றுக்கிழமை குருவிகளின் பாட்டுப் போட்டிக்குக் கூண்டைத் துணியால் மூடி நெஞ்சோடு அணைத்துத் தூக்கிப் போவார். கல்யாணமான அன்று என்னைக்கூட அவ்வளவு பத்திரமாகக் கூட்டிவரவில்லை. அந்தக் குருவியை எனக்குப் பிடிக்காது என்பது தலே நொய் ஏரிக்கரை முழுக்கத் தெரிந்த சேதி.

எங்கள் மாடியறையில் வெளியூர்க்காரர்கள் வந்து தங்குவார்கள். விநிட் அவர்களைப் படகில் கூட்டிப்போய் அல்லிப்பூவையும் தண்ணீரில் மேயும் எருமைகளையும் காட்டுவார். நான் ஆக்கிப் போடுவேன். போன மாதம் பாங்காக்கிலிருந்து ஒரபின் அக்கா வந்தாள். தனியாகத்தான் வந்தாள். நல்லபடியாகப் பேசுவாள், என் குழம்பை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதையெல்லாம் நான் மறைக்கவில்லை.

வந்த அன்று சாயங்காலமே வாசலில் இருந்த கூண்டுக்கு முன்னால் நின்று உச்சுக்கொட்டினாள்.

"பாவம். ஜெயில்ல போட்ட மாதிரி இருக்கே தம்பி."

விநிட் பொறுமையாகச் சொன்னார். "கூண்டுலயே பொரிஞ்சதுக்கா. அதோட ஆத்தா அப்பனும் கூண்டுலதான் பொறந்துச்சுங்க. வெளிய விட்டா எர தேடத் தெரியாது. பூனையப் பாத்தா ஓடணும்னுகூடத் தெரியாது."

ஒரபின் அக்கா தலையை ஆட்டினாள். காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை.

ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாளன்று காலையில் படகுச் சவாரி முடித்துத் திரும்பினார்கள். விநிட் படகிலிருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டு கரையிலேயே நின்றுவிட்டார். அவள் மட்டும் வீட்டுக்கு வந்தாள். நான் அடுப்படியில் கல்லுரலில் மிளகாயும் மஞ்சளும் இடித்துக்கொண்டிருந்தேன். நான் இடிக்க ஆரம்பித்தால் முதலாளிக்குப் பொறுக்காது, எனக்குப் போட்டியாகக் கத்தித் தீர்ப்பார். அன்று சத்தமே இல்லை. அப்பாடா, இன்றைக்காவது காது தப்பித்தது என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரபின் அக்கா முகமெல்லாம் பூரிப்பாக உள்ளே வந்தாள்.

"தங்கச்சி, இன்னிக்கு எனக்குப் பொறந்தநாள். ஒரு உயிருக்கு விடுதலை குடுத்துட்டேன். அந்தப் புண்ணியத்துல பாதி உங்க குடும்பத்துக்கு. எங்க, சாது சொல்லு!"

ஒருவர் செய்த புண்ணியத்துக்கு நாம் கைகூப்பிச் 'சாது' என்று சொன்னால் நமக்கும் அதில் பங்கு வரும். புத்தர் கோயில் வாசலில் குருவி வாங்கிப் பறக்க விடுகிறவர்களுக்கு நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் அது அவர்கள் வாங்கிய குருவி. இவள் கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்துவிட்டு, கடைக்காரியையே கும்பிடச் சொல்கிறாள்.

"எந்த உயிருக்குக்கா?" என்றேன். தெரிந்துதான் கேட்டேன்.

அதற்குள் விநிட் படியேறி வந்துவிட்டார். அவரிடமும் அதையே சந்தோஷமாகச் சொன்னாள். அவர் முகத்தில் ரத்தம் வற்றியது. குழவியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தேன். திட்டுவார், குறைந்தபட்சம் ஏன் என்றாவது கேட்பார் என்று பார்த்தேன். மனுஷன் இரண்டு கையையும் கூப்பி, "சாது, சாது" என்றார்.

சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். எங்கள் வீட்டுச் சாது மிரளவே இல்லை. வந்திருப்பது விருந்தாளியாம். அவள்மேல் வந்த கோபத்தைவிட இவர்மேல் வந்த கோபம்தான் பெரிது.

அவள் துணிமணி எடுத்துவைக்க மாடிக்குப் போனாள். விநிட் ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். "கதவத் தொறந்து வச்சா பசிக்கு வந்துரும்" என்றார். நானும் பின்னாலேயே போனேன்.

கூண்டுக் கதவு மூடியிருந்தது. கொக்கியும் மாட்டியிருந்தது. கதவுக்கு வெளிப்பக்கம் கம்பி இடுக்கில் சின்னச் சின்ன இறகுகள் சிக்கியிருந்தன. அவற்றில் ஒன்று முதலாளியின் கன்னத்துச் சிவப்பு. வெளிப்பக்கக் கம்பிகளிலெல்லாம் எச்சம் வழிந்திருந்தது. விநிட் பழத்தைப் பிடித்தபடியே நின்றார்.

தூண்கள்மேல் நிற்கும் எங்கள் வீட்டுக்கடியில் பக்கத்து வீட்டுப் பூனை உறுமியது. குழவியோடு பாய்ந்தேன். வாயில் கவ்வியிருந்ததைப் போட்டுவிட்டு ஓடியது. எடுத்துப் பார்த்தேன். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. கழுத்து மட்டும் நிற்கவில்லை.

"இப்பவே கொண்டுபோய் அவ மூஞ்சிக்கு நேரா காட்டுறேன் பாரு."

"வேண்டாம் சாய்பின்" என்றார் விநிட். "பொறந்தநாளும் அதுவுமா அழ வச்சு அனுப்புவியா? வேன் வர்ற நேரம். விட்டுரு."

"யோவ், அவ அழக்கூடாது, நான் அழலாமா?"

அப்போதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. பிடிக்காத குருவிக்காக யார் அழுவார்கள்? நான் அழுதேன். அந்த ஆத்திரமும் சேர்ந்துகொண்டது.

வேன் வந்தது. ஒரபின் அக்கா பையோடு இறங்கி வந்து என் தோளில் தட்டினாள்.

"தங்கச்சி, நீ இன்னும் சாது சொல்லலியே!"

குருவியைச் சுற்றி வைத்திருந்த துண்டைப் பிரித்து நீட்டினேன்.

"இந்தாங்க உங்க புண்ணியம். எங்களுக்குப் பாதி வேண்டாம். முழுசா நீங்களே எடுத்துட்டுப் போங்க."

ஐயோ என்று பின்னால் போனாள். கண் கலங்கியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கலக்கம் எவ்வளவு நேரம்? ஒரு பெருமூச்சு விட்டாள், அவ்வளவுதான், முகம் தெளிந்துவிட்டது.

"அதோட கர்மா அப்படி. நாம என்ன பண்ண முடியும்? ஒரு நிமிஷமாவது சுதந்திரமா இருந்துச்சேன்னு மனசத் தேத்திக்க வேண்டியதுதான்."

எனக்கு வாயில் வந்ததை அப்படியே கொட்டியிருந்தால் ஏரித் தண்ணீர் கொதித்திருக்கும். ஆனால் எனக்கு முன்னால் விநிட் பேசிவிட்டார். அவர் குரல் உயரவில்லை. வேன்காரர்கூட இஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த ஒரு நிமிஷமும் அது உள்ள வரத்தான்கா கெடந்து அடிச்சிருக்கு. கதவ ஏன் சாத்துனீங்க?"