கண்ணாயிரத்தின் மூன்று கற்கள்

உலகத்திலேயே சிறந்த எச்சரிக்கைக் கருவி கருங்கல்தான் என்பதில் கண்ணாயிரத்துக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. மற்ற எல்லாவற்றின் மீதும் அவருக்குச் சந்தேகம் உண்டு.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வைக்கோல் ஏற்றிப்போகும் தன் லாரியில் மூன்று கற்களை நிரந்தரமாக வைத்திருந்தார். லாரி வழியில் நின்றுவிட்டால் அவற்றைப் பின்னால் வரிசையாக வைப்பார். "கல்லுக்கு பேட்டரி வேணாம், சார்ஜ் வேணாம். எவனும் திருட மாட்டான். வெள்ளைக்காரனே இதை இன்னும் கண்டுபுடிக்கல" என்பார். ஆயுத பூஜைக்கு லாரிக்கு வைக்கும் பொட்டு அந்தக் கற்களுக்கும் உண்டு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி புதுப் பொட்டும் உண்டு.

அதனால்தான், டவுனில் உதிரிபாகக் கடையில் வேலை பார்க்கும் மகள் ஓவியா சிவப்பு முக்கோணம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டியபோது அவர் அதைத் தொடவில்லை.

"ரூல்ஸை மாத்திட்டாங்கப்பா. லோடு வண்டி ரோட்டுல நின்னா இதை வெச்சே ஆகணும். இல்லன்னா வண்டிக்கு எஃப்.சி. சர்ட்டிபிகேட் கெடையாது. லைட்டு கூட மினுக்கும், பாரு."

"எதுக்கு மினுக்குது?"

"பின்னாடி வர்றவனுக்குத் தெரியத்தான்."

"பின்னாடி வர்றவனுக்கா, ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவனுக்கா? உள்ளே கேமரா இருக்கும்மா. நான் எங்க நிக்கிறேன், எங்க டீ குடிக்கிறேன், எல்லாம் அங்க தெரியும்."

"நீ டீ குடிக்கிறதைப் பார்க்க கவர்மென்ட்ல ஆள் போட்டிருக்காங்களா?"

"போட்டிருப்பான்."

"இதை லாரிகிட்டயே வெக்கக் கூடாது. நல்லா தள்ளி வெக்கணும். வளைவு இருந்தா வளைவுக்கு முன்னாடியே."

"ஏன், நடுவுல கல்யாணப் பந்தல் போடப்போறாங்களா?"

மகளுக்காக வாங்கிக்கொண்டார். ஆனால் கோணிப்பையில் சுற்றி, சீட்டுக்கு அடியில் குப்புறப் போட்டுவைத்தார். அது எதையும் பார்த்துவிடக் கூடாதல்லவா.

பௌர்ணமியன்று காலை, அடி அண்ணாமலையில் இருக்கும் மாட்டுப் பண்ணைக்கு வைக்கோல் போய்க்கொண்டிருந்தது. கிரிவலப் பாதையில் ஒரு வளைவைத் தாண்டியதும் பின் டயர் உட்கார்ந்துவிட்டது. கண்ணாயிரம் டயரைச் சந்தேகத்தோடு பார்த்தார். நேற்று காற்றடித்தவனின் முகமே சரியில்லை என்று இப்போது தோன்றியது. சந்தனமும் குங்குமமும் புதுசாய்ப் பளிச்சிட்ட கற்களை இறக்கி லாரிக்குப் பின்னால் வைத்துவிட்டு, பஞ்சர் கடை முருகவேலை அழைத்துவர நடந்தார்.

முருகவேலின் மொபெட்டில் திரும்பி வந்தபோது லாரிக்குப் பின்னால் கூட்டம். யாரோ வைக்கோல் திருடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். கிட்டே போனால், மூன்று கற்களுக்கும் மல்லிகைச் சரம். முன்னால் கற்பூரம் கொழுந்துவிட்டு எரிந்தது. அதற்கு மேலே, லாரியிலிருந்து வைக்கோல் தாடி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மலைப்பக்கமிருந்து காற்று வேறு. அந்த லாரியை விட்டால் கண்ணாயிரத்துக்கு வேறு சொத்து கிடையாது.

"அணைங்க! ஐயோ, அணைங்கய்யா!" என்று கத்திக்கொண்டே லாரியிலிருந்த கேன் தண்ணீரை எடுத்துக் கவிழ்த்தார்.

பூக்காரி மணியம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு முன்னே வந்தாள்.

"யோவ், எரியிற கற்பூரத்துல தண்ணி ஊத்துறியே, நீ மனுசனா?"

"இது என் கல்லும்மா!"

"உன் கல்லா? சாமிக்கு ஓனரு நீதானா?"

"வண்டி நிக்குதுன்னு அடையாளத்துக்கு வெச்சேன்."

"அடையாளத்துக்கு வெச்சவன் பொட்டு எதுக்குய்யா வெச்சே?"

கூட்டத்திலிருந்து ஒருவர், "ஆள் முழியே சரியில்ல. சிலை கடத்துற கும்பலா இருக்கும்" என்றார். ஊரையே சந்தேகித்துப் பழகியவரை ஊர் சந்தேகிப்பது இதுதான் முதல் தடவை. கண்ணாயிரத்துக்கு அது பிடிக்கவில்லை.

அதற்குள் மணியம்மாள் ஈரத்தை வழித்துவிட்டு, முன்னதைவிடப் பெரிய கற்பூரக் கட்டியாக எடுத்து வைத்தாள். தீப்பெட்டியைத் திறந்தாள்.

கண்ணாயிரம் கேபினுக்கு ஓடினார். கோணிப்பையை உதறி, முக்கோணத்தை விரித்து, கற்களுக்கும் மணியம்மாளுக்கும் நடுவில் நிறுத்தி சுவிட்சைத் தட்டினார். சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்றது.

மணியம்மாளின் தீக்குச்சி பாதியில் நின்றது.

"இன்னாது அது?"

"கவர்மென்ட்டு வெக்கச் சொன்னது."

"எதுக்கு மினுக்குது?"

கண்ணாயிரம் விளக்கைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"கேமரா இருக்குமா?" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி.

"இருக்கும்மா. ஆபீஸ்ல உக்காந்து பார்ப்பாங்க."

அவள் முந்தானையால் முகத்தைப் பாதி மூடிக்கொண்டாள். சிலை கடத்தலைக் கண்டுபிடித்தவர், ஒலிக்காத செல்போனில் "ஹலோ" என்றபடி நகர்ந்தார். மற்றவர்களுக்கும் கிரிவலம் ஞாபகத்துக்கு வந்தது. மணியம்மாள் மட்டும் கற்களை ஒவ்வொன்றாகப் பயபக்தியோடு தூக்கிக்கொண்டுபோய், லாரிக்கு எட்டாத புங்கமரத்தடியில் குடிவைத்தாள். எவனும் திருட மாட்டான் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த கற்கள், அவர் கண்ணெதிரிலேயே போய்ச் சேர்ந்தன.

முருகவேல் டயரைக் கழற்றக் குனிந்தபோது செல்போன் அடித்தது. ஓவியா.

"பண்ணையிலேருந்து போன் பண்ணாங்கப்பா, வைக்கோல் இன்னும் வரலையாம். எங்க நிக்கிறே?"

"பஞ்சர்."

"முக்கோணம் வெச்சியா?"

"அதை எவன் வெப்பான்? கல்லு இருக்கறப்போ அந்தப் பொம்மை எதுக்கு?"

"வளைவு ஜாஸ்தி இருக்கிற ரோடுப்பா அது..."

"எனக்கே பாடம் எடுக்காத."

சொல்லிக்கொண்டே போனைத் தோளில் இடுக்கி, முக்கோணத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டார். கல்யாணப் பந்தல் போடுகிற தூரத்தையும் தாண்டி, வளைவுக்கு அந்தப் பக்கம் போய் வைத்தார். முருகவேல் பார்க்கவில்லை என்று திரும்பிப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, சாய்ந்திருந்த அதன் ஒரு காலைச் செருப்பு நுனியால் நேராக்கினார்.