தெய்வானை அத்தையின் வாயைப் பொத்தியவள்

தெய்வானை அத்தை கொண்டையை அவிழ்த்து, பக்கத்திலிருந்தவளின் தோளில் கைபோட்டு, "பாவி மகளே, பாடுபட்ட..." என்று இழுத்ததுதான் தாமதம், ரஜிதா பாய்ந்துபோய் அவள் வாயைப் பொத்திவிட்டாள்.

சாவு வீட்டில் ஒப்பாரி சொல்பவளின் வாயைப் பொத்துவதென்றால் சும்மாவா? தோட்டத்து லயத்தின் அந்த ஒற்றையறைக் காம்பராவில் இருந்த தலைகளெல்லாம் திரும்பின. கட்டாரில் இருக்கும் அத்தையின் மருமகனுக்கு யாரோ வீடியோ காட்டிக்கொண்டிருந்த போன்கூட இந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

"என்னாடி, பைத்தியமா ஒனக்கு?"

"பாடுங்க அத்தை. ஆனா பாவம்னு ஒரு சொல்லு வரக்கூடாது. அக்காவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

நடுவில் வாங்குப் பலகையின்மேல் கிடத்தப்பட்டிருந்த சந்திரகாந்தா ரஜிதாவின் கூடப்பிறந்தவள். பிள்ளையில்லை. புருசன் நல்லையாவுக்கு ஒரு கால் சரியில்லை. கடைசியில் வயிற்றில் கட்டி வேறு. அவள் கொழுந்துக்கூடையோடு நடந்தாலே தோட்டம் முழுக்க, "பாவம், சந்திரகாந்தா" என்று உச்சுக்கொட்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

படுக்கையில் விழுந்தபிறகு ஒரு வழக்கம் பிடித்தாள். மாத்தளை டவுனில் துணிக்கடை வேலை முடிந்து ரஜிதா வந்ததும், "இன்னைக்கி நல்லது என்னா நடந்துச்சு? நீ ஒண்ணு சொல்லு, நான் ஒண்ணு சொல்றேன்" என்பாள்.

"வலியில துடிக்கிற, இதுல நல்லது ஒரு கேடா?"

"மலையிலருந்து வர்ற பீலித் தண்ணி கலங்காம வந்துச்சு. பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்குப் பல்லு மொளச்சிருச்சு. இப்ப நீ சொல்லு."

விடமாட்டாள். போன வாரந்தான் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போனா அத்தை வந்து பாடியே என்னயப் பாவமாக்கிப்புடும். விட்றாத. நான் நல்லாத்தான்டி வாழ்ந்தேன்" என்றாள்.

இப்போது அத்தை இடுப்பில் கைவைத்தாள். "செத்தவ கஷ்டத்தப் பாடாம கல்யாணப் பாட்டா பாடுறது?"

"அவ சந்தோசப்பட்டதப் பாடுங்க."

"எங்க, நீயே சொல்லு பாப்போம்."

ரஜிதா அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அத்தனை சாயங்காலம் பேசியதில் ஒன்றாவது நினைவுக்கு வரவேண்டுமே! பின்னாலிருந்து யாரோ ஒருத்தி, "பாவம்..." என்று உச்சுக்கொட்டினாள். அவ்வளவுதான், ரஜிதாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"அக்காவுக்கு... பிலாக்கொட்டய சுட்டுத் தின்னா உசிரு!"

"சுட்டா?" அத்தைக்குப் பொறுக்கவில்லை. "அவிச்சித்தான் திம்பா. உப்புப் போட்டு, தேங்காப்பூவும் போட்டு. சுட்டா பல்லுக் கூசும்பா. வளத்தவ எனக்குத் தெரியாதா?"

"மழை வந்து எங்கள மலைய விட்டு எறக்குனா அவதான் மொத ஆளா ஓடுவா" என்றாள் கூடக் கொழுந்து பறித்த ஒருத்தி. "விழுந்து விழுந்து சிரிப்பா. கங்காணி ஏசுனா இன்னும் சிரிப்பா."

"கங்காணிக்கே சிரிப்பு வந்துரும்!"

சாவு வீட்டில் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். சிரித்தவர்களே முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதார்கள். ரஜிதாவும் அழுதாள், ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்தே அழுதாள்.

"ஞாயித்துக்கெழமயில..." என்று வாசலிலிருந்து ஒரு குரல். நல்லையா. பெண்கள் கூட்டத்தில் வாய் திறக்காத மனுசர். "அவ தலைக்கி நான்தான் எண்ண தேச்சுவுடுவேன். அப்புடியே தூங்கிப்போவா."

இத்தனை வருசம் ஒட்டின சுவருக்கு அந்தப்பக்கம் குடியிருந்தவர்களுக்கும் அது தெரியாது. யாருக்கும் அவரைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அத்தைதான் மூக்கைச் சிந்திவிட்டு, ரஜிதாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, இருப்பதிலேயே உயர்ந்த குரலில் எடுத்தாள்:

"எண்ண தேச்ச மவராசன் எதுர வந்து நிக்கிறாரே, கண்ணசந்த பொன்மயிலே கண்ணத் தொறந்து பாரும்மா!"

குளிப்பாட்டும் நேரம் வந்தது. உறவுக்காரர்கள் வரிசையாக வந்து, புறங்கையால் ஒரு சொட்டு எண்ணெயை உச்சியில் தொட்டு வைத்துவிட்டு நகர்ந்தார்கள். நல்லையாவின் முறை வந்தபோது அவர் காலை இழுத்து முட்டி போட்டு உட்கார்ந்தார். உள்ளங்கை நிறைய ஊற்றிக்கொண்டு, முடியை வகிர்ந்து வகிர்ந்து தேய்த்தார். வெளியே தப்படிப்பவர்கள் நேரமாகிறது என்று குரல் கொடுத்தார்கள். ரஜிதா கதவைச் சாத்தினாள்.

காதோரம் வழிந்ததை, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் நுனியால் ஒற்றியெடுத்துவிட்டு, அவர் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார்.