ஒலிபெருக்கியில் ஒரு பணி ஒப்படைப்பு

பாராட்டு விழாவுக்காக மருத்துவமனை முற்றத்தில் நான்கு பந்தல்கள் போட்டிருந்தார்கள். விழாவுக்குக் கேட்டது முந்நூறு நாற்காலி. தொற்று வார்டுக்குக் கேட்டது இரண்டு கட்டில். நாற்காலிகள் வந்துவிட்டன.

நர்ஸ் யாய்ரா அந்த வார்டுக்குள் நுழைந்தது நேற்று மதியம் இரண்டு மணிக்கு. இரவு வரவேண்டிய நர்ஸுக்கே தொற்று வந்து படுத்துவிட்டதால் இரவையும் அவளே பார்த்தாள். காலை எட்டுக்கு எலிகெம் வந்து அவளை விடுவிக்க வேண்டும். மணி பத்தரை. எலிகெமைக் காணோம். பதினெட்டு நோயாளிகள், பதினொரு ஆக்சிஜன் சிலிண்டர்கள், ஒரு யாய்ரா.

டாக்டர் செலோர்ம் சுவரில் சாய்ந்து நின்றார். மூன்று நாளாக வீட்டுக்குப் போகாததில், கண்ணைத் திறந்தபடியே தூங்கக் கற்றிருந்தார்.

"உன் எலிகெம் பந்தல்ல ரிப்பன் குத்திக்கிட்டு நிக்கிறான். வரவேற்புக் குழுவாம். நம்ம வார்டுலேருந்தே மூணு பேர்."

"யாருக்கு டாக் பாராட்டு?"

"உனக்குத்தான். 'ஓய்வறியா வீராங்கனை.' மெத்தை தர்றாங்க."

"மெத்தையா?"

"ரெட்டை மெத்தை."

யாய்ரா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்பு, ஒன்பதாம் படுக்கைக்கு உரிய ஊசியை ஆறாம் படுக்கைக்காரரின் கைவரை கொண்டுபோயிருந்தாள். "மகளே, இப்பத்தானே எனக்குக் குத்துன?" என்று அவர் கேட்டதால் தப்பினார். அடுத்த ஆள் அவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டுமே. சிலர் மயக்கத்தில் கிடந்தார்கள்.

ஆள் மாறாமல் வார்டை விட்டுப் போகக்கூடாது என்பது விதி. போகிறவரும் வருகிறவரும் ரிப்போர்ட் புத்தகத்தைப் பிரித்து, படுக்கை படுக்கையாகப் பேசி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அதை எந்த இடத்தில் நின்று செய்ய வேண்டும் என்று விதியில் இல்லை. யாய்ரா இரண்டு தடவை யோசித்துப் பார்த்தாள். இல்லவே இல்லை.

"டாக், பத்து நிமிஷம் வார்டைப் பாத்துக்குங்க. ஏழாம் படுக்கை சிலிண்டர் முள்ளு சிவப்புக்கு வந்துக்கிட்டிருக்கு."

"போயிட்டு வா. எனக்கும் ஒரு விருதைக் கேட்டு வாங்கிராத."

மேலங்கியைக் கழற்றி, கைகழுவி, முகக்கவசத்தை மாற்றிக்கொண்டு, புத்தகத்தை அக்குளில் இடுக்கியபடி அவள் பந்தலுக்குப் போனாள். மேடையில் நிர்வாகி அக்பெனெகா பாராட்டுரை வாசித்துக்கொண்டிருந்தார். "இருபது மணி நேரம் சோர்வென்பதே அறியாமல்..." என்றவர் அவளைக் கண்டதும் முகம் மலர்ந்து, கைதட்டச் சொல்லி, மைக்கை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். பிற்பாடு அதற்காக அவர் நிறைய வருந்தினார்.

"எல்லாருக்கும் வணக்கம். எலிகெம், மேல வா."

கழுத்தில் சால்வையும் கையில் ரிப்பன் தட்டுமாக நின்றவன் விழித்தான். "அக்கா, நான் வரவேற்புல இருக்கேன்..."

"வரவேண்டியவங்க எல்லாம் வந்தாச்சு. போக வேண்டியவ நான்தான். வாடா."

வந்தான். அவள் புத்தகத்தைப் பிரித்தாள். பெயர்களை மட்டும் விட்டுவிட்டாள்.

"ஒண்ணாம் படுக்கை. ஆக்சிஜன் நிமிஷத்துக்கு நாலு லிட்டர். ரெண்டு, காய்ச்சல் இறங்கிருச்சு, கஞ்சி குடிச்சார். மூணு, தரை."

முன்வரிசையில் இருந்த மாவட்டத் தலைவர் குனிந்து கேட்டார்: "மூணாம் படுக்கையில என்ன?"

"படுக்கை இல்லைங்கய்யா. தரையில கிடக்குறவருக்கும் ஒரு நம்பர் வேணுமே."

"சிஸ்டர், இது விழா!" என்று பல்லைக் கடித்தார் அக்பெனெகா.

"ஆமா சார். இது எட்டு மணிக்கு முடிஞ்சிருக்கணும். ஆறாம் படுக்கை. போட்ட ஊசிக்கு மேல இன்னொண்ணு போடப் போனேன். தூக்கக் கலக்கம். அவரேதான் தடுத்தார். இந்த விருது நியாயமா அவருக்குப் போகணும்."

பந்தலில் எவரும் இருமக்கூட இல்லை. அந்த ஆண்டில் அது பெரிய விஷயம்.

"உனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்," என்றார் அக்பெனெகா அடிக்குரலில்.

"இன்னைக்கே குடுத்துருங்க. நாளைக்கு நான் தூங்குவேன்." இதுவும் ஒலிபெருக்கியில்தான் போனது.

பதினெட்டாம் படுக்கை முடிந்ததும் எலிகெம் ரிப்பன் தட்டை மாவட்டத் தலைவரின் மேசைமேல் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். யாய்ரா மருந்து அலமாரிச் சாவியைக் கொடுத்தாள். அவன் வார்டை நோக்கி ஓடினான். யாரும் கூப்பிடாமலே மற்ற இரண்டு நர்ஸ்களும் சால்வையைக் கழற்றிவிட்டு அவன் பின்னால் ஓடினார்கள். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். இந்த முறை யாரும் தட்டச் சொல்லவில்லை.

"மெத்தை?" என்றார் அக்பெனெகா, வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.

"மூணாம் நம்பருக்கு. நடுவுல வெட்டினீங்கன்னா இன்னொருத்தருக்கும் ஆகும்."

வாசலில் நின்ற மினிபஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி நிரம்புவதற்குள் தொலைபேசி அடித்தது.

"சிஸ்டர், நடந்தது நடந்துபோச்சு," என்றார் அக்பெனெகா. குரல் குழைந்திருந்தது. "மதியத்துக்கு ஆள் இல்ல. நீங்கன்னா மாட்டேன்னு சொல்ல மாட்டீங்க..."

அவளுடைய பதினான்கு வருட வேலையில் அன்றுவரை அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

"முடியாது சார்," என்றாள் யாய்ரா.

அவருக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று, இன்னொரு முறை, நிதானமாகச் சொன்னாள். பிறகு தொலைபேசியை அணைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த மரவள்ளிக் கிழங்கு மூட்டையில் தலையைச் சாய்த்தாள்.