சிவப்பு மூடி

கிடங்கின் மாற்றுச் சாவியை எடுத்துக் கொடுக்கும்போது அலுவலக உதவியாளர் சிரித்தார். வீட்டுக்காரர் வந்தால் அவரே திறந்துவிடுவாரே, மேடத்துக்கு அப்படி என்ன அவசரம் என்றார். வீட்டுக்காரர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போயிருக்கிறார், அவசரம் எனக்கில்லை, வெளிநாட்டில் சிலருக்கு என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டேன். மூன்று வாரமாகக் கிடங்கைத் திறந்துவிடச் சொல்லி என் கணவரிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் வாரம் குளிரூட்டி பழுது. இரண்டாம் வாரம் பதிவேடு சரிபார்ப்பு. மூன்றாம் வாரம் பல். ஒன்பது வருடம் குடித்தனம் நடத்தியவள் என்பதால் சோம்பேறித்தனம் என்றே நினைத்தேன். அந்த மனிதரிடம் அதுவரை நான் கண்டிருந்த குறை அது ஒன்றுதான்.

கிடங்கில் இருப்பது சேறு. கப்பலிலிருந்து நீளக் குழாயைக் கடலடியில் இறக்கி உருவி எடுத்த சேறு. குழாயை மீட்டர் மீட்டராக வெட்டி, ஒவ்வொரு துண்டின் மேல்முனைக்கும் சிவப்பு மூடி, அடிமுனைக்குக் கறுப்பு மூடி போடுவார்கள். பிறகு துண்டை நெடுக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி வேலைக்கு. மறு பாதி காப்புக்கு. காப்புப் பாதியை யாரும் தொடக்கூடாது. அது என் கணவரின் ராஜ்ஜியம். ஆய்வகத்தில் அவருக்குப் பெயரே ‘கிடங்கு’தான்.

வேலைப் பாதி என்னுடையது. சென்டிமீட்டருக்கு ஒரு கரண்டி சேறு எடுத்து, சல்லடையில் கழுவி, மிஞ்சுகிற மணலில் மணலைவிடச் சிறிய சிப்பிகளை ஈரத் தூரிகையால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவேன். அந்தச் சிப்பி, தான் வாழ்ந்த காலத்தில் தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருந்தது என்று சொல்லும். சேற்றுத் துகளின் பருமன் நீரோட்டத்தின் வேகத்தைச் சொல்லும். ஓட்டம் வேகமாக இருந்தால் மெல்லிய துகள் நிற்காது, அடித்துக்கொண்டு போய்விடும். ஒன்பதாம் துண்டில் மட்டும் ஆறு வருடம் குனிந்து கிடந்தேன். கழுத்து எலும்பு தேய்ந்ததுதான் மிச்சம் என்று சொல்ல முடியாது, பெரிய பெயரே கிடைத்தது. கார்பனால் வயது சொல்ல முடியாத அவ்வளவு பழைய காலத்தில், ஆழ்கடல் நீரோட்டம் ஒரு மனித ஆயுளுக்குள் சட்டென்று நின்றிருக்கிறது; மெல்ல மீண்டிருக்கிறது; மறுபடியும் சட்டென்று நின்றிருக்கிறது. அந்தச் ‘சட்டென்று’க்குத்தான் அத்தனை கைதட்டலும். என் மாமியார் காய்கறிக்காரரிடம்கூட, “எம் மருமக கடல் நின்னதைக் கண்டுபிடிச்சவ” என்று சொல்லித்தான் பேரம் பேசுவார். அடுத்த மாதம் நாற்பது பேருடன் ஒரு கப்பல் கிளம்புகிறது, ஓட்டம் நின்ற இடங்களைத் தேடி. தலைவி நான்.

இந்த நேரத்தில்தான் வெளிநாட்டு ஆய்வாளர்களிடமிருந்து அந்தக் கடிதம் வந்தது. உங்கள் இடத்துக்குப் பக்கத்திலேயே நாங்களும் குழாய் இறக்கினோம், எங்கள் சேற்றில் ஓட்டம் ஒரே ஒரு முறைதான் குறைகிறது, அதுவும் பல ஆயிரம் வருடங்களில், மெதுவாக. காப்புப் பாதியிலிருந்து கொஞ்சம் அனுப்ப முடியுமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். வயிற்றெரிச்சல் பிடித்தவர்கள் என்று அன்று சாப்பிடும்போது சொன்னேன். கணவரும் ஆமாம் என்றுதான் தலையாட்டினார்.

கிடங்கில் நான்கு டிகிரி. ஸ்வெட்டரை மறந்துவிட்டு வந்திருந்தேன். அலமாரியிலிருந்து அவருடைய காப்புப் பாதியை இறக்கி, என் பாதியையும் தள்ளுவண்டியில் கொண்டுவந்து, மேசையில் சிவப்பு மூடியோடு சிவப்பு மூடி சேர வைத்தேன். மொச்சையை உரித்த மாதிரி இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பொருந்தவில்லை. என்னுடையதில் மேலே இருந்த சாம்பல் பட்டை அவருடையதில் கீழே இருந்தது. துண்டு மாறிவிட்டதோ என்று எண்ணைப் பார்த்தேன். இரண்டிலும் ஒன்பது. சும்மா ஒரு கைப்பழக்கத்தில் என் பாதியை முனை மாற்றித் திருப்பினேன். பட்டை பட்டையாக, கோடு கோடாக, எல்லாம் போய் ஒட்டிக்கொண்டது.

அவருடைய சிவப்பு மூடியின் ஓரத்தில் ஒரு சிறு காகிதம் ஒட்டியிருந்தது. அவருடைய முத்து முத்தான கையெழுத்து. ‘தலைகீழாக இருந்தது. மூடி மாற்றப்பட்டது.’ கீழே கையொப்பம், தேதி.

கப்பலில் மூடி மாறியிருக்கிறது. ஒன்பதாம் துண்டை நான் அடியிலிருந்து முடிவரை தலைகீழாகப் படித்திருக்கிறேன். என்னுடைய இரண்டு ‘சட்டென்று’ம் எங்கே இருந்தன? ஒன்று எட்டோடு ஒன்பது சேரும் இடத்தில். இன்னொன்று ஒன்பதோடு பத்து சேரும் இடத்தில். வெட்டுவாயில் சேறு கொஞ்சம் கலைந்திருக்கலாம் என்று கட்டுரையில் நானே எழுதியிருக்கிறேன். துண்டை நேராக்கினால் இரண்டும் மறைந்து, கடிதத்தில் சொன்னதுபோல ஒரே மெதுவான சரிவு. கடல் எங்கும் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

அவர் நேராக ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். ஒரு கன்னம் வீங்கி, ஊசியில் வாய் ஒரு பக்கம் மரத்துப்போய், கடைவாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு நின்றார். மேசையைப் பார்த்தார். அதன் பிறகு என்னைப் பார்க்கவே இல்லை.

“மூடி போட்டது யாரு?”

“நான்தான். கப்பல்ல. வாந்தி எடுத்துட்டு வந்து போட்டேன்.”

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். காப்புப் பாதியை எக்ஸ்ரே எடுத்தபோது ஒரு இடத்தில் பருமணல் மேலேயும் மெல்லிய சேறு கீழேயும் இருந்ததாம். கனமானது முதலில் இறங்கும். பருமணல் அடியில் இருக்க வேண்டும். பார்த்த உடனே புரிந்துவிட்டது என்றார். எப்போது என்று கேட்டேன்.

“உன் பேப்பர் வந்தப்புறம்.”

வாய் மரத்திருந்தாலும் பொய் சுத்தமாக வந்தது. நான் காகிதத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். கட்டுரையை அனுப்பியது மகள் முதல் அடி எடுத்து வைத்த நாள், எனக்கு மறக்க வழியில்லை. காகிதத்தில் இருந்த தேதி அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால். அந்தப் பன்னிரண்டு நாளில்தான் இந்த மனிதர் சாப்பாட்டு மேசையில் என் கட்டுரையைப் பரப்பிவைத்து, சிவப்புப் பேனாவால் இங்கே ஒரு கமா வேண்டும், இங்கே வேண்டாம் என்று திருத்திக் கொடுத்தார். நன்றி சொல்லும் பக்கத்தில் அவர் பெயரை முதலில் போட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே வேண்டாம் என்றார்.

“ஆறு வருஷம் அதுலயே கிடந்த. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இன்னிக்கு சொல்லலாம், நாளைக்கு சொல்லலாம்னு...”

“மூணு வார்த்தைங்க. ‘ஒன்னுது தலைகீழா இருக்கு.’ அவ்வளவுதான்.”

அவர் பஞ்சை நாக்கால் தள்ளிக்கொண்டார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு ஆறவில்லை. பயந்தார், மறைத்தார், சரி, பயந்தவர்கள் செய்வதுதான். ஆனால் மறைத்தவர் முழுதாக மறைத்திருக்கலாமே. தப்பான மூடியோடு ஒரு துண்டு தன் கிடங்கில் இருப்பதை இவரால் தாங்க முடியவில்லை. உட்கார்ந்து நிதானமாக மூடியை மாற்றி, காகிதம் எழுதி, தேதி போட்டிருக்கிறார். சேற்றுக்கு உண்மையாக இருந்திருக்கிறார். அதே சேற்றின் இன்னொரு பாதியைத் தப்பாகவே என் கையில் விட்டுவிட்டு, ஐந்து வருடம் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறார்.

நாளைக் காலையில் இயக்குநரிடம் சொல்லப்போகிறேன் என்றேன். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். கப்பல் போகாது. நாற்பது பேருக்கும் நானே எழுத வேண்டும். அவர் வீங்கிய கன்னத்தை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“என் பேரை எழுதுவியா?”

கட்டுரை போனால் நீ என்ன ஆவாய் என்று கேட்கவில்லை. உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

எழுதுவதற்கு முன் அளவு வேண்டும். கரண்டியையும் உறைகளையும் எடுத்துவைத்தேன். அளவு நாடாவை நான் எடுத்ததும் அவர் கை தானாக நீண்டது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான். அவர் ஒரு முனையைப் பிடிப்பார், நான் இழுத்துக்கொண்டு போய் எண்ணைச் சொல்வேன். சிவப்பு மூடியின் பக்கம் குனிந்து, நாடாவின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார். இழு என்பதுபோலத் தலையை அசைத்தார். நான் இழுக்கவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் போய், அவர் விரலை மெல்ல நகர்த்தி, அதன் அடியில் பூஜ்யம் இருக்கிறதா என்று பார்த்தேன்.