யாருடைய முறை

படித்து முடித்த கையோடு கல்யாணமும் செய்துகொண்ட அந்த இரண்டு வக்கீல்களும் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒருவர் சொந்தமாகத் தொழில் தொடங்குவது, மற்றவர் தற்காலிக ஒப்பந்த வேலைக்குப் போய் வீட்டைப் பார்த்துக்கொள்வது. ஒரு வருடம் ஆனதும் மாறிக்கொள்வது. கணவனின் தாய்மாமன் மருந்துக்கடைக்கு மேலே ஓர் அறையை ஒழித்துக் கொடுத்ததால் முதல் முறை அவனுக்குப் போனது.

அவள் ஒரு பெரிய நிறுவனத்தில் சேர்ந்தாள். நீளமான கூடம், வரிசையாகக் கணினிகள். யாரோ யாருக்கோ எழுதிய மின்னஞ்சல்களைப் படித்து, வழக்குக்கு உதவுமா உதவாதா என்று குறியிட வேண்டும். "வக்கீலுக்குப் படிச்சிட்டு வாயே திறக்காம சம்பாதிக்கிறது எங்க அண்ணி மட்டும்தான்" என்று நாத்தனார் கேலி செய்வாள். இவளும் சிரித்துவைப்பாள்.

வருடம் முடிந்தது. அவன் பேச்செடுக்கவில்லை. இப்போதுதான் கட்சிக்காரர்கள் தேடி வர ஆரம்பித்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே எப்படிக் கேட்பது என்று அவளும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தன் கறுப்புக் கோட்டை எடுத்து உதறுவாள், சற்று நேரம் போட்டுப் பார்ப்பாள், மறுபடி மாட்டிவைப்பாள்.

ஒருநாள் அவனுக்கு ஒரே நேரத்தில் இரண்டு நீதிமன்றங்களில் வழக்கு வந்தது.

"தையல்கடை அம்மா கேஸுக்கு நீ போய் வாய்தா மட்டும் வாங்கிட்டு வந்துடு" என்றான்.

ஒப்பந்தக் காலத்தில் வெளியே வாதாடக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. வாய்தா கேட்பது வாதாடுவதில் சேருமா என்று மனசுக்குள்ளேயே வழக்கு நடத்தி, தனக்குச் சாதகமாகத் தீர்ப்பும் சொல்லிக்கொண்டு, அரைநாள் விடுப்பு எடுத்தாள்.

நீதிபதி வாய்தா தரவில்லை. "கேஸ் கட்டு கையில இருக்கு, கோட்டும் போட்டிருக்கீங்க. பேசுங்க."

தையல்கடையைப் பூட்டிவிட்ட கட்டிட உரிமையாளரின் வக்கீல், கடையை வாடகைக்கே விடவில்லை என்று சாதித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, வாடகைக்கே விடலன்னா இவங்க தையல் மெஷின் எப்படி உள்ள போச்சு? பாதி தைச்ச துணியோட சேர்த்துத்தான் பூட்டு போட்டிருக்காங்க."

எதிர்த்தரப்பு வக்கீல் தன் கட்சிக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். வழக்கு முடியும்வரை பூட்டைத் திறந்துவிட உத்தரவானது.

வராந்தாவில் தையல்கடைக்காரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த தடவையும் நீங்களே வாங்கம்மா" என்றாள்.

அன்று மாலை நடந்ததையெல்லாம் சொன்னபோது கணவனுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டான். அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

"என் முறை வந்து ரொம்ப நாள் ஆச்சு, தெரியுமா?"

"தெரியும். நீ எப்ப கேப்பியோன்னு பயந்துகிட்டே இருந்தேன். இப்ப விட்டா வந்தவங்க எல்லாம் வேற ஆளைத் தேடிப் போயிடுவாங்க. கையில இருக்கிறது முடியுற வரைக்கும் பொறுத்துக்கோயேன்."

பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அவன் உண்மையைச் சொல்லிவிட்டான். மறுநாள் ஒப்பந்தத்தை நீட்டித்துக் கையெழுத்துப் போட்டாள்.

தையல்கடை வழக்கு மறுபடி வந்த அன்று, நிறுவனத்தின் சாப்பாட்டு இடைவேளையில் ஓட்டமும் நடையுமாக நீதிமன்றத்துக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அவன் பேசிக்கொண்டிருந்தான், நன்றாகத்தான் பேசினான். நீதிபதி நடுவில் ஏதோ கேட்க, அவன் காகிதங்களைப் புரட்டினான். பதில் அவளுக்குத் தெரியும். அவளை அறியாமலேயே பாதி எழுந்துவிட்டாள். பக்கத்திலிருந்தவர், வெளியே போகிறாள் என்று நினைத்துக் காலை மடக்கி வழிவிட்டார்.

அவள் மெல்ல உட்கார்ந்தாள். அதற்குள் அவனுக்கும் பதில் கிடைத்துவிட்டது. இடைவேளை முடியப்போகிறது, கிளம்ப வேண்டும். அவன் அடுத்த வாக்கியத்தையும் சொல்லட்டும் என்று இருந்தாள், பிறகு அதற்கடுத்ததையும்.